மெய்யும் நிகரும்

அறிவு உள்ளத்திற் புகுவதற்கு வாயில்கள் பல. செவி ஒரு வாயில். கண் ஒரு வாயில். கையும் ஒரு வாயிலே. கதையும் பாட்டும் செவி வழியாகப் புகும். எழுத்தும் ஓவியமும் கண் வழியாகப் புகும். அறிவியலோ இவ்விரு வாயில்களோடு அமையாது. அது கையையும் வேண்டி நிற்கும். நீர் கொதிக்கும் இயல்பைக் கேட்டு அறிந்தவனினும் கண்டு அறிந்தவன் தெளிவுடையவன். கண்டு அறிந்தவனினும், அடுப்பை மூட்டி, வெப்பமானியைக் கையிற் பிடித்து, அது காட்டும் எண்ணைத் தானே குறித்தவன் மிகுந்த தெளிவுடையவன். ஆதலால்தான் அறிவியல் கற்பிக்கும் பள்ளியில் வகுப்பறையோடு ஆய்வுக்கூடமும் வேண்டும் என்று கல்வியறிஞர் வற்புறுத்துகின்றனர்.

எனினும், எல்லாப் பொருளையும் கண்ணாற் காணவும் கையால் தொடவும் இயலுமோ? அணு மிகச் சிறியது. சனிக்கோள் மிகத் தொலைவில் உள்ளது. மார்புக்குள் துடிக்கும் இதயம் மறைவானது. எரிமலையின் வாய் அணுகுதற்கு அஞ்சத்தக்கது. பல கோடி ஆண்டுகட்கு முன் வாழ்ந்து மறைந்த உயிர்களோ இன்று எவர் கண்ணுக்கும் தோன்றமாட்டா. இத்தகைய பொருள்களை மாணவர்க்கு விளக்குவதற்கு ஆசிரியர் பண்டு தொட்டே பல துணைகளைக் கொண்டனர். கரும்பலகையிற் படம் வரைந்தனர். களிமண்ணால் மலையும் ஆறும் செய்து காட்டினர். நிலவுருண்டையைச் சுழற்றி இரவும் பகலும் பிறக்கும் முறையை உணர்த்தினர். அவ்வரிசையில் இக்காலத்தில் வந்து சேர்ந்திருப்பவை மெய்நிகர்க் காட்சியும் மிகை மெய்ம்மைக் காட்சியும் ஆகும்.

'மெய்நிகர்' என்னும் சொல்லின் அமைப்பே அப்பொருளின் இயல்பை எடுத்துரைக்கின்றது. மெய் என்பது உண்மை. நிகர் என்பது ஒப்பு. மெய்க்கு ஒப்பாக நிற்பது மெய்நிகர். நன்னூலார் உவம உருபுகளைத் தொகுத்துக் கூறுமிடத்தில் 'நிகர' என்பதனையும் ஓர் உருபாகச் சேர்த்துள்ளார். ஆகவே, மெய்நிகர்க் காட்சி என்பது கண்முன் நடமாடும் ஓர் உவமை என்று கொள்ளுதல் பொருந்தும். உவமையைக் கொள்வதற்கு ஒரு முறை உண்டு. தாமரை போன்ற முகம் என்று ஒருவர் கூறினால், கேட்பவர் அம்முகத்தின் மலர்ச்சியை எண்ணி மகிழ்வரே அன்றி, அதில் தண்டையும் சேற்றையும் தேடமாட்டார். உவமைக்கும் பொருளுக்கும் பொதுவாய் நிற்கும் தன்மை எது, பொதுவாகாத தன்மை எது என்று பகுத்து அறிவதே புலமை. இலக்கிய வகுப்பிற் பயிலும் இப்பகுப்பு, இன்று அறிவியல் வகுப்பிற்கும் இன்றியமையாததாகி விட்டது.

மெய்நிகர்க் காட்சி எவ்வாறு அமைகின்றது என்பதை முதலில் அறிதல் நன்று. மனிதனுடைய இரு கண்களும் ஏறத்தாழ 6 சென்டிமீட்டர் இடைவெளியில் அமைந்துள்ளன. முகத்தின் எதிரே ஒரு விரலை நிறுத்தி, இடக்கண்ணையும் வலக்கண்ணையும் மாற்றி மாற்றி மூடிப் பார்த்தால், விரல் இடம் பெயர்வது போலத் தோன்றும். ஒவ்வொரு கண்ணும் காணும் காட்சி சற்றே வேறுபடுதலே அதற்குக் காரணம். அவ்விரு காட்சிகளையும் மூளை ஒன்றாக இணைத்து, அருகில் உள்ளது இது, தொலைவில் உள்ளது அது என்று உணர்கின்றது. இவ்வுண்மையை 1838ஆம் ஆண்டில் சார்லசு வீட்சுடன் என்னும் ஆங்கில அறிஞர் விளக்கினார். இரு கண்களுக்கும் இரு படங்களைத் தனித்தனியே காட்டித் தட்டையான ஓவியத்தையும் திரண்ட உருவமாகத் தோன்றச் செய்யும் கருவி ஒன்றையும் அமைத்தார்.

அக்கருவியின் வழித்தோன்றலே இன்றைய மெய்நிகர்க் கண்ணாடி. 1968ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு ஐவன் சதர்லாண்டு என்பார், தலையைத் திருப்பினால் காட்சியும் அதற்கேற்பத் திரும்பும் கருவி ஒன்றைக் கணினியின் துணைகொண்டு அமைத்துக் காட்டினார். அதன் பளு மிகுதியால் அதனைக் கூரையிலிருந்து தொங்கவிட வேண்டியிருந்தது. 2014ஆம் ஆண்டில் கூகுள் நிறுவனத்தார் கெட்டி அட்டையும் இரண்டு வில்லைகளும் கொண்டு எளிய கண்ணாடி ஒன்றைச் செய்தனர். கைப்பேசியை அதனுள் வைத்துக் கண்ணருகே கொண்டு செல்லும் எவரும் மெய்நிகர்க் காட்சியைக் காணலாம் என்னும் நிலை அதனால் உண்டாயிற்று. கூரையில் தொங்கிய பெருங்கருவி அரை நூற்றாண்டிற்குள் சிறுவர் கையில் அடங்கியது வியப்பன்றோ!

மிகை மெய்ம்மை என்பது இதனினும் சற்று வேறுபட்டது. மெய்நிகர்க் கண்ணாடியை அணிந்தவர் கண்ணிலிருந்து சுற்றுப்புறம் மறைந்து விடும். வகுப்பறை போய்க் கடலடி தோன்றும். மிகை மெய்ம்மையிலோ சுற்றுப்புறம் மறைவதில்லை. பாடநூலின் ஒரு படத்தின்மேல் கைப்பேசியைப் பிடித்தால், அப்படத்திலிருந்து எழுந்து நிற்பது போல ஓர் இதயமோ ஒரு பூவோ திரையில் தோன்றும். மேசையும் நூலும் மெய். அவற்றின்மேல் மிகையாகச் சேர்ந்து நிற்கும் உருவம் நிகர். முன்னது காண்பவரை வேறோர் இடத்திற்குக் கொண்டு செல்லும். பின்னது வேறோர் இடத்துப் பொருளைக் காண்பவரிடம் கொண்டு வரும்.

இந்திய நாட்டிலும் இத்துறையில் முயற்சிகள் பல நடைபெற்றுள்ளன. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, மாணவர் அனைவரும் செய்முறைப் பயிற்சி பெறுதற்கு மெய்நிகர் ஆய்வகங்களைப் பயன்படுத்த வேண்டும் என்று கூறுகின்றது. அமிர்தா பல்கலைக்கழகமும் மும்பையிலுள்ள மேம்பட்ட கணினி வளர்ச்சி மையமும் இணைந்து, 9 முதல் 12 வரையுள்ள வகுப்புகளின் அறிவியற் சோதனைகளைக் கணினித் திரையிற் செய்து பார்க்கும் இணையவழி ஆய்வகத்தை உருவாக்கின. தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் குழு, பாடநூற் படங்களை எழுந்து நிற்கச் செய்யும் மிகை மெய்ம்மைச் செயலியை வெளியிட்டது. தமிழ்நாட்டில் 2018ஆம் ஆண்டு முதல் வெளிவந்த புதிய பாடநூல்களில் கைப்பேசியால் படிக்கத்தக்க குறியீடுகள் அச்சிடப்பட்டன. அமெரிக்க நாட்டுக் கொலராடோ பல்கலைக்கழகத்தில், நோபல் பரிசு பெற்ற காரல் வீமன் 2002ஆம் ஆண்டில் தொடங்கிய அறிவியற் செயல்விளக்கங்கள் பல, இன்று தமிழிலும் கிடைக்கின்றன. தாய்மொழியில் விளக்கம் அமைந்தால் காட்சி கருத்தாக மாறும். அமையாவிடின் அது வெறும் வேடிக்கையாகவே நின்று விடும்.

பெருநகரப் பள்ளிகளைப் பற்றி இங்கு எண்ண வேண்டுவதில்லை. காவிரி கடலை அணுகும் கடைமடைப் பகுதியில், காரைக்கால் மாவட்டத்தில், திருநள்ளாற்றை அடுத்து அமைந்த சுரக்குடி போன்ற சிற்றூர்களை எண்ணுதல் வேண்டும். சுற்றிலும் நெல்வயல், வயலுக்கு நீர் கொணரும் வாய்க்கால், கிழக்கே சிறிது தொலைவில் அரசலாறு கடலொடு கலக்கும் காரைக்கால் துறை. இயற்கை இப்பகுதிப் பிள்ளைகட்கு ஒரு பெரிய ஆய்வுக்கூடத்தையே திறந்து வைத்திருக்கின்றது. ஆயினும், அரும்பொருட் காட்சிசாலையும் கோளரங்கமும் நாள்தோறும் சென்று காணத்தக்க அண்மையில் இல்லை. புதுச்சேரி ஒன்றிய ஆட்சிப்பகுதியின் அரசுப் பள்ளிகள் பல்லாண்டு பின்பற்றிய பாடத்திட்டத்தை விட்டு, 2023-24ஆம் கல்வியாண்டு முதல் மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் பாடத்திட்டத்திற்கு மாறியுள்ளன. புதிய பாடமும் புதிய தேர்வும் வந்திருக்கும் இவ்வேளையில், எக்கருவி எவ்வளவு துணை செய்யும் என்று ஆராய்ந்து தெளிதல் கடமையாகும்.

சுரக்குடியிற் பயிலும் மாணவி ஒருத்தி மெய்நிகர்க் கண்ணாடியை அணிகின்றாள் என்று கொள்க. அவள் முன் ஓர் இதயம் வீட்டளவு பெரிதாய் எழுந்து நிற்கின்றது. நான்கு அறைகளும் நான்கு வாயில்களும் தெரிகின்றன. குருதி ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்குப் பாய்ந்தவுடன், மீண்டும் பின்னோக்கி வாராதபடி வாயில் மூடிக்கொள்கின்றது. ஒரு நாளில் ஏறத்தாழ ஓர் இலட்சம் முறை ஓயாது துடிக்கும் அவ்வுறுப்பின் வேலையை அவள் உள்ளிருந்தே காண்கின்றாள். நூலில் தட்டையாய்க் கிடந்த படம் பத்து நாளிற் புகட்டாத ஒன்றை இக்காட்சி பத்து நிமிடத்திற் புகட்டுகின்றது. எந்த வாயில் எப்பொழுது திறக்கும் என்று அவள் இனி மனப்பாடம் செய்ய வேண்டுவதில்லை. கண்ணுக்கு மறைந்த பொருளைக் காட்டும் இடத்தில் மெய்நிகர்க் காட்சிக்கு நிகர் பிறிதொன்று இல்லை.

அதே மாணவிக்கு நெல் முளைக்கும் முறையையும் அக்கண்ணாடியின் வழியே காட்ட வேண்டுமோ? வேண்டுவதில்லை. ஊரில் நாற்றங்கால் இருக்கின்றது. ஒரு பிடி விதைநெல்லை நீரில் ஊறவைத்து ஈரச் சாக்கில் மூடி வைத்தால், சில நாட்களில் வெண்மையான வேர் தலைநீட்டும். ஊறிய நெல்லின் மணமும், மூடிய சாக்கினுள் கையை விட்டால் தோன்றும் வெதுவெதுப்பும் எக்கண்ணாடியிலும் கிடைக்கமாட்டா. அவ்வெதுவெதுப்பு எங்கிருந்து வந்தது என்று அவள் கேட்பாளாயின், விதையும் மூச்சுவிடும் உயிர்ப்பொருள் என்னும் உண்மை அக்கேள்வியின் வழியே விளங்கும். கைக்கு எட்டியதைக் கையால் அறிக. கைக்கு எட்டாததைக் காட்சியால் அறிக. இதுவே முதல் நெறி.

அஞ்சத்தக்க நிகழ்ச்சிகளை அறிவதற்கும் இக்காட்சி பெரிதும் பயன்படும். 2004ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 26ஆம் நாள், சுமத்திராத் தீவை அடுத்த கடலடியில் நில அதிர்ச்சி தோன்றியது. அப்பொழுது இந்திய நேரம் காலை ஏறத்தாழ 6.30 மணி. அதனால் எழுந்த ஆழிப்பேரலை வங்கக் கடலைக் கடந்து, இரண்டு மூன்று மணி நேரத்திற்குள் தமிழகக் கரையையும் காரைக்கால் கரையையும் தாக்கியது. எண்ணிறந்த குடும்பங்கள் உறவினரை இழந்தன. இன்று பள்ளியிற் பயிலும் பிள்ளைகள் அதன்பின் பிறந்தவர்கள். அவர்கட்கு அது முதியோர் கூறும் செய்தி மட்டுமே. அக்கொடுமையை மீண்டும் எவரும் நேரிற் காணுதல் கூடாது. எனினும், அதன் இயல்பை எல்லாரும் அறிதல் வேண்டும். 4,000 மீட்டர் ஆழமுள்ள கடலில் அவ்வலை மணிக்கு ஏறத்தாழ 700 கிலோமீட்டர் விரைவிற் செல்லும் என்பதும், கரையை நெருங்க நெருங்க விரைவு குன்றி உயரம் மிகும் என்பதும் மெய்நிகர்க் காட்சியால் நன்கு விளங்கும்.

ஆயினும், இங்கேயே உவமையின் எல்லையை அறிதல் உயிர் காக்கும் செயலாகின்றது. ஆழிப்பேரலையைக் காட்டும் படங்களிற் பல, கடல் முதலில் நெடுந்தொலைவு உள்வாங்கிப் பின்னரே பொங்கி வருவதாகக் காட்டும். தாய்லாந்து நாட்டுக் கரையில் அவ்வாறே நிகழ்ந்தது. கடலடி நிலம் கிழக்குப் பக்கத்தில் தாழ்ந்தும் மேற்குப் பக்கத்தில் உயர்ந்தும் பெயர்ந்தமையால், கிழக்கே சென்ற அலைக்குப் பள்ளம் முன்னே சென்றது; இந்தியாவையும் இலங்கையையும் நோக்கி மேற்கே வந்த அலைக்கோ முகடே முன்னே வந்தது. 'கடல் உள்வாங்கினால்தான் ஆபத்து' என்று ஒரே காட்சியைக் கண்டு முடிவு செய்த பிள்ளை, கடல் உள்வாங்காமலே பொங்கும் நாளில் கரையில் நின்று ஏமாறும். அரசின் எச்சரிக்கை வந்தவுடன், அல்லது கடல்மட்டம் எவ்வகையிலேனும் திடீரென மாறியவுடன், உயர்ந்த இடத்தை நாடுதலே அறிவுடைமை. ஐதராபாத்தில் 2007ஆம் ஆண்டு முதல் இயங்கி வரும் எச்சரிக்கை மையம் இதற்கெனவே அமைந்தது. காட்சியை ஆக்கியவர் ஒரு கரையை எண்ணி ஆக்குவர். காண்பவரோ வேறொரு கரையில் வாழ்வர். இவ்வேறுபாட்டை எடுத்துக் கூறுவதற்கு ஆசிரியர் வேண்டும்.

கடலினின்று வானத்திற்கு வருவோமாயின், சுரக்குடிப் பிள்ளைகட்கு மிக நெருங்கிய விண்பொருள் சனிக்கோளே எனலாம். அண்மையிலுள்ள திருநள்ளாற்றில் சனி பகவானை வழிபட நாடெங்குமிருந்து மக்கள் வந்து கூடுகின்றனர். 2023ஆம் ஆண்டு டிசம்பர் 20ஆம் நாள் அங்கே சனிப்பெயர்ச்சி விழா நடைபெற்றது. சனிக்கோள் கதிரவனை ஒருமுறை சுற்றி வருவதற்கு ஏறத்தாழ 29½ ஆண்டுகள் ஆகும். அச்சுற்றினைப் பன்னிரண்டு இராசிகளாகப் பகுத்தால் ஓர் இராசிக்கு ஏறத்தாழ 2½ ஆண்டுகள் வரும். விழாவிற்குச் செல்லும் பிள்ளைகள் அக்கணக்கின் பின்னுள்ள விண்ணியலையும் அறிந்து செல்வாராயின் அது இரட்டைப் பயனாகும்.

மெய்நிகர்க் கண்ணாடியிற் சனிக்கோளைக் காண்பவர், அதன் அகன்ற வளையங்களைக் கண்டு மகிழ்வர். ஆனால், 2025ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஒரு சிறு தொலைநோக்கியால் மெய்யான சனிக்கோளைக் கண்ட மாணவனுக்கு வியப்பு ஒன்று காத்திருந்தது. கண்ணாடியில் அகன்று ஒளிர்ந்த வளையம், வானத்தில் ஒரு மெல்லிய கோடாகச் சுருங்கிக் கிடந்தது. "வளையம் எங்கே, ஐயா?" என்று அவன் கேட்டிருந்தால், அக்கேள்வி நானூறு ஆண்டுப் பழமை உடையது என்று ஆசிரியர் மறுமொழி கூறியிருப்பார்.

1610ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டு அறிஞர் கலிலியோ, தம் தொலைநோக்கியாற் சனிக்கோளைக் கண்டு, அதன் இரு பக்கத்தும் இரு துணைக்கோள்கள் ஒட்டி நிற்பதாக எண்ணினார். 1612ஆம் ஆண்டில் மீண்டும் நோக்கியபோது அவை மறைந்து போயிருந்தன. அவர் திகைத்தார். அத்திகைப்பு அறிவுலகில் நெடுங்காலம் நின்றது. டச்சு நாட்டுக் கிறித்தியான் ஐகன்சு என்பார், சனிக்கோளைச் சுற்றி அதனைத் தொடாத மெல்லிய தட்டையான வளையம் ஒன்று உண்டு என்று 1659ஆம் ஆண்டில் நூல் எழுதி விளக்கினார். வளையம் சாய்ந்திருக்கும்போது அகன்று தோன்றும். அதன் விளிம்பு மட்டும் புவியை நோக்கும்போது மறைந்து விடும். ஏறத்தாழ 2,80,000 கிலோமீட்டர் அகலமுள்ள அவ்வளையத்தின் தடிப்பு, பெரும்பாலான இடங்களிற் சில பத்து மீட்டர் அளவே ஆகும். ஏறத்தாழ 15 ஆண்டுகட்கு ஒருமுறை நிகழும் இம்மறைவே 2025ஆம் ஆண்டிலும் நிகழ்ந்தது.

இங்குக் கருதத்தக்கது ஒன்று உண்டு. என்றும் அகன்று ஒளிரும் வளையத்தையே ஒரு கண்ணாடி கலிலியோவிற்குக் காட்டியிருக்குமாயின், அவர் திகைத்திருக்கமாட்டார். திகைப்பு இல்லையேல் கேள்வி இல்லை. கேள்வி இல்லையேல் ஐகன்சின் விளக்கமும் இல்லை. மெய்நிகர்க் காட்சி தன்னை ஆக்கியவர் அறிந்ததை மட்டுமே காட்டும். மெய்யோ எவரும் அறியாததையும் காட்ட வல்லது. அறிந்ததைக் கற்பதற்கு நிகர் உதவும்; அறியாததைக் கண்டுபிடிப்பதற்கு மெய்யே வேண்டும்.

அளவைக் குறித்தும் இக்காட்சிகள் பெரிதும் மயக்கம் விளைவிக்கும். கோள்கள் அனைத்தும் ஒரே பார்வையில் அடங்க வேண்டும் என்பதற்காக, அவற்றைப் பெரிதாக்கியும் நெருக்கியும் காட்டுவர். இதனைத் திருத்துவதற்குச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. கதிரவனை ஒரு மீட்டர் குறுக்களவுள்ள வட்டமாகப் பள்ளிச் சுவரில் வரைக. அவ்வளவின்படி புவி 9 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு கொண்டைக்கடலை. அது நிற்க வேண்டிய இடம் 107 மீட்டர்த் தொலைவு. சனிக்கோள் ஏறத்தாழ 8½ சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு பழம். அதனைக் கையில் ஏந்தி வயல்வழியே ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மிகுதியாக நடந்து செல்லுதல் வேண்டும். கதிரவனை அடுத்துள்ள விண்மீனை அடைய வேண்டுமாயின், அதே அளவில் 28,000 கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டியிருக்கும்! வரப்பின்மேல் நடந்து களைத்த கால் அறிந்த தொலைவை, நாற்காலியில் அமர்ந்து கண்ட கண் அறியாது. நடந்தபின் கண்ணாடியை அணிபவர், 'இக்காட்சியிற் கோளின் வடிவம் மெய்க்கு நிகர். இடைவெளி நிகர் அன்று' என்று தாமே கூறுவர். உவமையின் பொதுத்தன்மையைப் பகுத்தறிதல் என்பது இதுவே.

ஆய்வுக்கூடத்திற்கும் இது பொருந்தும். திரையில் அமிலத்தையும் காரத்தையும் கலக்கும் மாணவனுக்குக் கை சுடுவதில்லை. கண்ணாடிக் குழாய் உடைவதில்லை. அது நன்மையே. முதற்பயிற்சிக்கு அத்தகைய துணை மிகவும் ஏற்றது. ஆயின், மெய்யான ஆய்வுக்கூடத்தில் ஒரு துளி மிகுதியாக விழுந்தாலும் நிறம் கடந்து போகும். சோதனையை மீண்டும் செய்ய வேண்டும். அவ்வொரு துளி கற்பிக்கும் பொறுமையையும் கவனத்தையும் திரை கற்பிப்பதில்லை. தொடுவுணர்ச்சியையும் காட்சியோடு சேர்ப்பதற்குச் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் ஆராய்ச்சிகள் நடைபெறுகின்றன. அவை வெற்றி பெறுந்தோறும் நிகர் மெய்யை மேலும் நெருங்கும். எனினும் நெருங்குவது வேறு, ஒன்றாவது வேறு.

காட்சியில் மூழ்கியவர் யாவரும் கற்றவர் ஆகார் என்பதனை ஆராய்ச்சியாளரும் கண்டுள்ளனர். 2018ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வில், அமெரிக்க நாட்டு உளவியல் அறிஞர் பராங்கு, மேயர் ஆகியோர், குருதிக்குழாயினுள்ளும் உயிரணுவினுள்ளும் செல்லும் மெய்நிகர்ப் பயணத்தைச் சில மாணவர்க்கும், அதே பாடத்தைப் படவில்லைகளாக வேறு சில மாணவர்க்கும் காட்டினர். மெய்நிகர்ப் பயணம் சென்றவர் மிகவும் மகிழ்ந்தனர். தேர்விலோ படவில்லைகளைக் கண்டவரே மேம்பட்டு நின்றனர். ஆனால், மெய்நிகர்க் காட்சியை இடையிடையே நிறுத்தி, கண்டதனைத் தம் சொல்லாற் சுருக்கி எழுதியவர், நிறுத்தாமற் கண்டவரினும் நன்கு கற்றனர். மக்ரான்ஸ்கி முதலியோர் 52 பல்கலைக்கழக மாணவரைக்கொண்டு செய்து 2019ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்விலும், கண்ணாடி அணிந்தவர் அவ்விடத்திலேயே இருப்பதாக மிகுதியும் உணர்ந்தனர். கற்றதோ குறைவாகவே இருந்தது. விருந்தைக் கண்டு மகிழ்தல் வேறு. உண்டு செரித்தல் வேறு. எழுதுகோல் ஏந்திய கையே காட்சியைச் செரிக்கச் செய்கின்றது.

உடல்நலத்தையும் கருதுதல் வேண்டும். மெய்யுலகில் அருகிலுள்ள பொருளை நோக்கும்போது இரு கண்களும் உட்புறம் திரும்பும். கண்ணின் வில்லையும் அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும். மெய்நிகர்க் கண்ணாடியிலோ திரை ஒரே தொலைவில் நிற்க, பொருள்கள் மட்டும் அருகிலும் தொலைவிலும் தோன்றுகின்றன. அதனாற் கண்ணின் இரு செயல்களும் ஒன்றோடொன்று பொருந்தாமற் களைப்புத் தோன்றும். உடல் அசையாதிருக்கக் காட்சி மட்டும் அசையுமாயின், காதினுள் அமைந்த சமநிலை உறுப்பு ஒன்று கூறும். கண் வேறொன்று கூறும். தலைசுற்றலும் குமட்டலும் அதனால் உண்டாகும். ஆகவே, சில நிமிடம் கண்டு, கண்ணாடியைக் கழற்றி, சாளரத்தின் வழியே பசுவயலைச் சிறிது நேரம் நோக்குதல் நல்லது.

இவை யாவற்றினும் பெரியதொரு செய்தி எஞ்சியுள்ளது. கண்ணாடி வந்து விட்டமையால் ஆய்வுக்கூடம் வேண்டுவதில்லை என்னும் எண்ணம் எங்கேனும் தோன்றுமாயின், அதனால் முதலிற் குறைவுபடுவோர் சிற்றூர்ப் பிள்ளைகளே ஆவர். நகரத்துச் செல்வச் சிறுவர்க்கு மெய்யும் நிகரும், சிற்றூர்ச் சிறுவர்க்கு நிகர் மட்டும் என்று கல்வி பிரியுமாயின், அது கருவியின் குற்றமன்று, மக்களின் குற்றமாகும். மேலும், கருவிகள் நிலையாதவை. உலகெங்கும் பள்ளிகளிற் பயன்பட்ட கூகுள் நிறுவனத்தின் மெய்நிகர்ப் பயணச் செயலி, 2021ஆம் ஆண்டு சூன் திங்களோடு நிறுத்தப்பட்டது. ஒரு செயலியையே நம்பி அமைத்த பாடம் அச்செயலியோடு மறையும். சோதனைக்குழாயும் வில்லையும் காந்தமும் அவ்வாறு மறைவதில்லை. ஒரு மீட்டர் நீளமுள்ள நூலிற் கல்லைக் கட்டி ஊசலாட விட்டால், அது சென்று மீள ஏறத்தாழ 2 விநாடி ஆகும். அவ்வுண்மைக்கு மின்சாரமும் வேண்டுவதில்லை, இணையமும் வேண்டுவதில்லை.

ஆதலால், மெய்நிகர்க் காட்சியைக் காணும் மாணவர் மூன்று வினாக்களை எப்பொழுதும் தம் உள்ளத்திற் கொள்ளுதல் வேண்டும். இக்காட்சியில் எது மெய்க்கு நிகர்? எது நிகர் அன்று? அதனை எதைக்கொண்டு சரிபார்ப்பது? முதல் வினா காட்சியின் பயனைத் தரும். இரண்டாம் வினா மயக்கத்தை நீக்கும். மூன்றாம் வினா மாணவரை வகுப்பறைக்கு வெளியே, வயலுக்கும் வாய்க்காலுக்கும் கடற்கரைக்கும் விண்மீன் ஒளிரும் இரவிற்கும் அழைத்துச் செல்லும். இவ்வினாக்களை எழுப்பும் ஆசிரியர் உள்ள இடத்தில் அட்டைக் கண்ணாடியும் பெருந்துணை செய்யும். அவர் இல்லாத இடத்தில் விலையுயர்ந்த கருவியும் விளையாட்டுப் பொருளாய் முடியும்.

நல்ல உவமை கேட்பவரைத் தன்னிடத்திலேயே நிறுத்திக்கொள்வதில்லை; தான் விளக்க வந்த பொருளினிடத்துக் கொண்டு சேர்த்துவிட்டு விலகி நிற்கும். நல்ல மெய்நிகர்க் காட்சியும் அத்தகையதே. இதயத்தைக் காட்சியிற் கண்ட சிறுமி, தன் மணிக்கட்டின்மேல் விரலை வைத்து நாடித்துடிப்பை எண்ணத் தொடங்குவாளாயின், அக்காட்சி தன் கடமையைச் செய்தது. வளையத்தைக் கண்ணாடியிற் கண்ட சிறுவன், இரவில் வாசலுக்கு வந்து கிழக்கு வானத்தை நோக்குவானாயின், அக்காட்சி தன் கடமையைச் செய்தது. நிகரைக் கண்டு மெய்யை நாடுதலே கற்றலின் பயனாகும்.